காசிக்குப் போகுமுன்: வாசகர் கேள்வி – பதில்

காசிப் பயணம் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் பலருக்கும் பொதுவாக இருந்தவற்றைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் அளித்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு நாற்பது வயது. பழைய நகரங்களைச் சுற்றிப் பார்ப்பதில் ஆர்வம் உள்ளவன். சடங்கு எதையும் செய்யும் நோக்கம் எனக்கு இல்லை. குளிர்காலத்தில் காசிக்குப் போகப் போகிறேன் என்று சொன்னதும், "அப்பா அம்மா நல்லபடியாக இருக்கும்போது உனக்கு அங்கே என்ன வேலை?" என்று என் பெரியப்பா தடுத்துவிட்டார். ஊர் பார்ப்பதற்காக மட்டும் காசிக்குப் போவது தவறா? – வாசகர், திருச்சி

பதில்: தவறில்லை. ஆனாலும் உங்கள் பெரியப்பாவின் தயக்கத்தை நான் அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டேன். ரயில் வருவதற்கு முன்பு தமிழ்நாட்டிலிருந்து காசிக்குப் போவதென்றால் மாதக்கணக்கில் நடக்க வேண்டும். போனவர் திரும்பி வருவார் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. ஆகவே கடமைகளை முடித்த முதியவர்களும், பெற்றோருக்குப் பிதுர்க் கடன் செய்ய வேண்டியவர்களுமே பெரும்பாலும் புறப்பட்டார்கள். பெற்றோர் இருக்கும்போது காசிக்குப் போகக் கூடாது என்ற எண்ணம் நம் வீடுகளில் படிந்தது அந்த வழியில்தான் என்று நான் நினைக்கிறேன். அதே நம் வழக்கத்திலேயே இதற்கு மாறான சான்றும் இருக்கிறது. கல்யாண வீட்டில் குடையும் தடியும் ஏந்திக் காசி யாத்திரை புறப்படும் மாப்பிள்ளை, பெற்றோர் இருவரும் பக்கத்தில் நிற்கத்தான் புறப்படுகிறார்; அவர் போவதாகப் பாவனை செய்வது கல்வி தேடி. வேதமும் இலக்கணமும் சங்கீதமும் கற்க இளைஞர்கள் போய்ச் சேர்ந்த ஊர் அது என்பதைப் பெரியப்பாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

சடங்கில் நாட்டமில்லாதவர்களுக்கும் அந்த ஊரில் எப்போதும் இடம் இருந்திருக்கிறது. நெசவாளர் வீட்டில் வளர்ந்த கபீர் காசியில்தான் பாடினார். காசியில் இறந்தால்தான் முக்தி என்ற நம்பிக்கையை ஏற்காமல் தம் கடைசிக் காலத்தில் மகஹர் என்ற ஊருக்குப் போய் அங்கே மறைந்தார். தோல் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த ரவிதாசரும் அந்த ஊர்க்காரரே. ஆகையால் நீங்கள் பார்வையாளராகத் தாராளமாகப் போகலாம். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்தப் படித்துறைகளில் நடப்பவை எவையும் உங்களுக்குக் காட்டுவதற்காக நடப்பவை அல்ல. உங்கள் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருப்பவர் தம் தாயாருக்குப் பிண்டம் வைத்துக்கொண்டிருக்கக்கூடும். அந்த நினைவோடு நடந்துகொள்கிறவர் விபூதி பூசியிருந்தாலும் பூசாவிட்டாலும் அங்கே வேற்றாளாக உணர மாட்டார்.

கேள்வி: எந்த மாதம் போவது நல்லது? எத்தனை நாள் தங்க வேண்டும்? சுற்றுலா நிறுவனங்கள் ஒன்றரை நாளில் முடித்துவிடலாம் என்கின்றனவே? – வாசகி, மதுரை

பதில்: அக்டோபர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். அதற்குள்ளும் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய மூடுபனி கனமாக இருக்கும். ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், விமானங்கள் ரத்தாகும், எதிர்க்கரை கண்ணுக்கே தெரியாது. மே, ஜூனில் வெயில் 45 டிகிரியை ஒட்டி வந்துவிடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கை ஏறிப் படித்துறைகளை மூழ்கடிக்கும் நாட்களில் படகுகளை நிறுத்திவிடுவார்கள். ஒரு துறையிலிருந்து மறு துறைக்குக் கரையோடு நடக்கவும் முடியாது. கார்த்திகைப் பௌர்ணமியில் வரும் தேவ தீபாவளியின்போது எல்லாத் துறைகளிலும் விளக்கேற்றுவார்கள். அது கண்கொள்ளாக் காட்சிதான் என்றாலும், முதன்முறை போகிறவர்களுக்கு அந்த நாளை நான் பரிந்துரைப்பதில்லை. தங்குமிடக் கட்டணம் பல மடங்காகிவிடும் என்பதோடு, கூட்டத்தில் ஊரைப் பார்க்கவே இயலாது.

ஒன்றரை நாள் போதவே போதாது. அந்தக் கணக்கில் போகிறவர்கள் விசுவநாதர், விசாலாட்சி, அன்னபூரணி, காலபைரவர், மாலையில் தசாசுவமேத கட்டத்தில் (கட்டம் என்றால் படித்துறை) ஆரத்தி, பிறகு கடைத்தெரு என்று ஓடிவிட்டு, ஊரைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். மூன்று இரவுகளாவது தங்குங்கள். ஒரு நாள் விடியுமுன் அசி கட்டத்துக்குப் போய், அங்கிருந்து கரையோடு வடக்கே நடக்கத் தொடங்குங்கள். கங்கை இந்த இடத்தில் வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. ஊர் முழுவதும் மேற்குக் கரையில் இருக்கிறது. எதிரே மணல்திட்டைத் தவிரக் கட்டடம் இல்லை. ஆகவே சூரியன் எழும்போது ஒளி தடையின்றி நேராகப் படிகளின் மேல் விழும். துளசிதாசர் வாழ்ந்த துளசி கட்டம், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக வண்ணம் பூசிய சுவரோடு நிற்கும் கேதாரேசுவரர் கோயில், ஜெய்ப்பூர் மன்னர் ஜெய்சிங் வானாய்வுக் கருவிகளை நிறுவிய மான்மந்திர், பஞ்சகங்கா கட்டத்தின் உச்சியில் ஔரங்கசீப் காலத்து ஆலம்கீர் மசூதி என்று வரிசையாக வரும். வருணை நதி கலக்கும் ஆதிகேசவ கட்டம் வரை ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். பாதியில் களைத்தால் படகில் ஏறித் திரும்பலாம். படகுக்கு ஏறுமுன்பே கூலி பேசிக்கொள்ளுங்கள். ஆளுக்கு எவ்வளவா, படகுக்கு எவ்வளவா என்பதையும் அப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் புகைப்படக் கலை படிக்கும் மாணவன். சடலங்களை எரிக்கும் மணிகர்ணிகா கட்டத்தைப் படம் எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அங்கே படம் எடுக்கத் தடை என்கிறார்கள். சிலர் பணம் கொடுத்தால் விடுவார்கள் என்கிறார்கள். என்ன செய்வது? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எடுக்காதீர்கள் என்பதே என் பதில். பணம் வாங்கிக்கொண்டு உங்களை மாடிக்கு அழைத்துப் போக ஆள் இருக்கலாம். ஆனால் அங்கே எரிந்துகொண்டிருக்கும் மனிதருடைய மகனிடம் அந்த ஆள் அனுமதி கேட்கவில்லை. உங்கள் வீட்டுத் துக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் சுடுகாட்டு மதிலில் ஏறி நின்று படம் எடுத்தால் நீங்கள் பொறுப்பீர்களா? நடுவாற்றில் படகில் இருந்தபடி தொலைவிலிருந்து எடுத்தால் பரவாயில்லையே என்று சிலர் வாதிடுகிறார்கள். தூரம் கூடினால் மரியாதை கூடிவிடுவதில்லை.

கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் போய் நில்லுங்கள். அதை யாரும் தடுக்க மாட்டார்கள். சந்துகளில் நடக்கும்போதே "ராம் நாம் சத்ய ஹை" என்ற குரல் பின்னால் கேட்கும். மூங்கில் பாடையில் ஜரிகைத் துணி போர்த்திய உடலைத் தோளில் சுமந்துகொண்டு வேகமாக வருவார்கள். சுவரோடு ஒண்டி வழிவிடுங்கள். துறைக்கு மேலே கோயில்களின் இடுக்குகளில்கூட விறகு மலைபோல் அடுக்கியிருக்கும். ஆள் உயரத் தராசில் விறகை நிறுத்து விலை பேசுவதையும் அங்கேயே காணலாம். உடலைக் கங்கையில் நனைத்துக் கரையில் கிடத்திய பிறகு, மழித்த தலையும் வெள்ளை வேட்டியுமாக மகன், சுடுகாட்டுப் பணி செய்யும் டோம் எனப்படும் சமூகத்தாரிடமிருந்து நெருப்பு வாங்கி வருவார். அணையாமல் காக்கப்படுவதாக நம்பப்படும் அந்த நெருப்பைக் கொடுக்கும் உரிமை அவர்களுடையது. ஊரே தேடி வரும் முக்தியை வாசலில் நின்று தருகிற அந்த மக்களை, அதே ஊர் நெடுங்காலம் தீண்டாமையில் தள்ளி வைத்திருந்தது. இதை அறிந்துகொண்டு நின்றால் அந்த இடம் வேறு விதமாகத் தெரியும். உடல் எரிந்து முடியச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். கடைசியில் மகன் மண்குடத்து நீரைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போவார்.

தெருக்கூத்தில் அரிச்சந்திர மயான காண்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு துறையும் நெருக்கமாக இருக்கும். தெற்கே உள்ள அரிச்சந்திர கட்டமும் சுடுகாடுதான். மன்னன் மயானம் காத்தது அங்கே என்பது நம்பிக்கை. மணிகர்ணிகாவைவிடக் கூட்டம் குறைவு. தரகர் தொல்லையும் குறைவு.

தரகர்கள் பற்றி எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சாகக் காத்திருக்கும் ஏழைகளுக்கு விறகு வாங்கிக் கொடுங்கள் என்று மணிகர்ணிகாவில் யாராவது உங்களிடம் கிலோ கணக்குச் சொல்லிப் பணம் கேட்டால், கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்தப் பணம் விறகாக மாறுவதில்லை.

கேள்வி: விசுவநாதர் கோயிலுக்குள் கைபேசி கொண்டு போகலாமா? தரிசனத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? – வாசகி, சேலம்

பதில்: கைபேசி, கேமரா, கைப்பை, மின்னணுக் கைக்கடிகாரம் எதற்கும் அனுமதி இல்லை, வெளியே பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட வேண்டும். பெட்டகம் இலவசம் என்று சொல்லிப் பூசைத் தட்டை அதிக விலைக்குத் தலையில் கட்டும் கடைகள் உண்டு என்பதால், அறையிலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போவது உத்தமம். திங்கட்கிழமையிலும் சிராவண மாதத்திலும் (ஜூலை – ஆகஸ்ட்) சிவராத்திரியிலும் வரிசை மிக நீளம்.

நம் ஊர்க் கோயிலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வானளாவிய கோபுரமோ நீண்ட பிராகாரமோ கிடையாது. பழைய கோயில் 1669இல் ஔரங்கசீப் ஆணையால் இடிக்கப்பட்ட பின், இப்போதுள்ளதை 1780இல் இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர் கட்டினார். விமானத்துக்குப் பொன் தகடு வேய்ந்தவர் பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங். சிறிய கருவறையில், தரைமட்டத்தில் வெள்ளித் தகடு பதித்த சதுரப் பள்ளத்துக்குள் லிங்கம் இருக்கும். அளவில் சிறியது, வில்வக் குவியலுக்குள் மறைந்தும் இருக்கும். உள்ளே போகுமுன்பே இதைத் தெரிந்துகொண்டு போனால், கிடைக்கும் சில நொடிகளில் எங்கே பார்ப்பது என்று தடுமாற மாட்டீர்கள். 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட புதிய வளாகத்தால் ஏறத்தாழ மூவாயிரம் சதுர அடியாக இருந்த கோயில் பகுதி ஐந்து லட்சம் சதுர அடியாக விரிந்திருக்கிறது. முதியவர்களுக்கு இது பெரிய வசதி. அதற்காகச் சுற்றியிருந்த பழைய வீடுகளும் சந்துகளும் மறைந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: காசியில் நம் தமிழர்களின் அடையாளம் என்று எவற்றைப் பார்க்கலாம்? – வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். கோதௌலியா பகுதியில் உள்ள நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்குப் பூசைப் பொருட்கள் நாள்தோறும் போகின்றன. 'சம்போ சம்போ' என்று குரல் கொடுத்துக்கொண்டு அவற்றைத் தூக்கிச் செல்லும் கூட்டத்துக்குக் கடைத்தெருவே ஒதுங்கி வழிவிடும். அதைப் பார்க்கத் தவறாதீர்கள். மீர் கட்டத்தை ஒட்டிய சந்தில் இருக்கும் விசாலாட்சி கோயிலையும் நகரத்தாரே பராமரிக்கிறார்கள். அந்தச் சந்தில் திடீரென்று நம் ஊர்க் கோபுரத்தைக் கண்டதும் மனம் இளகிப் போகும்.

அங்கிருந்து தெற்கே கேதார கட்டத்துக்கு வாருங்கள். திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபர சுவாமிகள் 17ஆம் நூற்றாண்டில் காசிக்கு வந்து நிறுவிய மடம் அங்கே இருக்கிறது. கலைமகளைப் போற்றிச் சகலகலாவல்லி மாலை பாடி இந்துஸ்தானி மொழியில் வன்மை பெற்று, முகலாய ஆட்சியாளரின் அவைக்குச் சிங்கத்தின் மேல் ஏறிச் சென்று மடத்துக்கு இடம் பெற்றார் என்று மரபு சொல்லும். சிங்கத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். வேற்று மண்ணில் போய் அந்த ஊர் மொழியைக் கற்று, அதிகாரத்தில் இருப்பவரிடம் நேரில் பேசித் தமிழ் மடத்துக்கு நிலம் பெற்ற துறவியை எண்ணி எண்ணி நான் வியந்திருக்கிறேன். அந்த மடத்தின் வழியில் வந்ததே திருப்பனந்தாள் காசி மடம்.

அடுத்து அனுமன் கட்டம். அந்தச் சந்துகளில் நுழைந்தால் வாசலில் கோலமும் உள்ளே தமிழ்ப் பேச்சும் இன்றும் உண்டு. தந்தையை இழந்த பாரதி 1898இல், பதினைந்து பதினாறு வயதில், அத்தை குப்பம்மாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது இங்கேதான். சிவமடம் எனப்படும் அந்த வீட்டில் சில ஆண்டுகள் தங்கி, சமஸ்கிருதமும் இந்தியும் படித்து, அலகாபாத் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். மீசையும் தலைப்பாகையும் அவருக்கு வந்தது இந்த ஊரில். தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் அவ்வீட்டின் ஒரு பகுதியில் நினைவிடம் அமைத்துத் திறந்தது. வீட்டில் குடும்பத்தினர் வாழ்கிறார்கள் என்பதால் உரத்த குரலில் பேசிக்கொண்டு கூட்டமாக நுழையாதீர்கள். முத்துசுவாமி தீட்சிதரும் இளமையில் சிதம்பரநாத யோகியுடன் காசியில் தங்கிக் கற்றவர். வடநாட்டு இசை அவர் கிருதிகளில் படிந்தது இங்கே என்பதால், சங்கீத ஆர்வம் உள்ளவர்கள் அனுமன் கட்டத்தில் சற்றே கூடுதலாக உட்கார்ந்துவிட்டு வரலாம்.

கேள்வி: கங்கை நீர் மாசுபட்டிருக்கிறது என்கிறார்கள். குளிக்கலாமா, வேண்டாமா? – வாசகர், ஈரோடு

பதில்: இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் பதிலாகத் தந்த ஒருவரைச் சொல்கிறேன். வீரபத்ர மிஸ்ரா சங்கட மோசன அனுமன் கோயிலின் மகந்த், அதாவது தலைமைப் பூசாரி. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியரும்கூட. நாள்தோறும் கங்கையில் முழுகினார். அதே ஆற்று நீரைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்து, நகரத்துச் சாக்கடை அதில் கலப்பதை ஆதாரத்தோடு எடுத்துச் சொன்னார். 1982இல் அதற்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, 2013இல் மறையும் வரை போராடினார். கங்கைத் தாய் தூய்மையானவள் என்ற நம்பிக்கையும், இந்த நீரில் கிருமி இருக்கிறது என்ற அறிவும் ஒரே மனிதரிடம் இருந்தன. ஒன்றைக் காட்டி மற்றதை அவர் மறைக்கவில்லை.

கங்கைச் செயல் திட்டம் 1986இல் காசியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. 2014க்குப் பின் புதிய திட்டமும் வந்து, சுத்திகரிப்பு நிலையங்கள் கூடியுள்ளன. படித்துறைகளும் முன்னைவிடத் துப்புரவாக இருக்கின்றன. ஆனால் துறை துப்புரவாக இருப்பது நீர் தூயதாக இருப்பதற்குச் சான்று ஆகாது. முழுக வேண்டும் என்று தோன்றினால், ஓட்டம் நன்றாக உள்ள இடத்தில் முழுகுங்கள். வாயில் நீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காயம் உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். படிகளில் பாசி வழுக்கும், ஓரிரு படிகளுக்கு அப்பால் சட்டென்று ஆழமாகும் என்பதால், நீச்சல் தெரிந்தவர்களும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும்.

கேள்வி: சாரநாத்துக்கு ஒரு அரை நாள் ஒதுக்குவது பயனுள்ளதா? – வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: கட்டாயம் ஒதுக்குங்கள், ஆனால் வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. காசியிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர். ஞானம் பெற்ற புத்தர் முதன்முதலில் போதித்த இடம் இது. இந்திய அரசின் இலச்சினையாக நாம் நாணயத்தில் காணும் நான்கு சிங்கங்களின் அசல், அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் இருக்கிறது. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் கல்லின் வழவழப்பைச் சுற்றி வந்து பாருங்கள். சிங்கங்களுக்குக் கீழே பட்டையில் யானை, குதிரை, எருது, சிங்கம் நான்கும் நடக்கும் நடையையும் பாருங்கள். அசோகர் நாட்டிய தூணின் அடிப்பகுதி பிராமி எழுத்துகளோடு வெளியே அகழ்விடத்தில் நிற்கிறது. தாமேக் தூபி நூறடிக்கும் மேல் உயரமானது; அதன் பக்கத்திலிருந்த தர்மராஜிகத் தூபியை 1794இல் செங்கல்லுக்காக இடித்துவிட்டார்கள், வட்டமான அடித்தளம் மட்டுமே மிச்சம். இலங்கையிலிருந்து போகும் உங்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: இலங்கைப் பௌத்தத் தலைவர் அநகாரிக தர்மபாலாவின் மகாபோதி சங்கம் கட்டி 1931இல் திறந்த மூலகந்தகுடி விகாரை அங்கே இருக்கிறது; அதன் அருகில் உள்ள அரசமரம் அநுராதபுரத்து மகாபோதியின் கன்று.

கேள்வி: பனாரஸ் பட்டுப் புடவை வாங்க ஆசை. ஏமாறாமல் வாங்குவது எப்படி? – வாசகி, காஞ்சிபுரம்

பதில்: காஞ்சிபுரத்துக்காரருக்குத் தறியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, அங்குள்ள வழக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஆட்டோக்காரரோ படகுக்காரரோ வழிகாட்டியோ அழைத்துப் போகும் கடையில் வாங்காதீர்கள். அவர்களுக்கான தரகு உங்கள் விலையில் சேரும். பனாரஸ் புடவைக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தும், விசைத்தறிப் புடவை கைத்தறிப் பெயரில் விற்கப்படுவது நிற்கவில்லை. புடவையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். 'கடுவா' முறையில் ஒவ்வொரு பூவையும் தனித்தனியே நெய்வதால், பின்புறம் பூவுக்குப் பூ நூல் ஓடாமல் சுத்தமாக இருக்கும். அப்படி ஒரு புடவைக்குத் தறியில் வாரக்கணக்கில் உழைப்பு போகிறது என்பதால், விலை மிக மலிவாகச் சொன்னாலே சந்தேகப்படலாம். நேரம் இருந்தால் மதன்புரா பக்கம் சென்று நெய்வதையே பாருங்கள். தலைமுறைகளாக நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்தினர். நம் வீட்டுக் கல்யாணங்களில் மணப்பெண் உடுத்தும் பனாரஸ் அவர்கள் கைப்பட வந்தது என்பதை அறிந்து வாங்குவது நல்லது.

கேள்வி: எழுபத்து நான்கு வயதான தாயாருக்கு முழங்கால் வலி. ரயிலில் அழைத்துப் போகிறேன். எந்த நிலையத்தில் இறங்குவது, படிகளை எப்படிச் சமாளிப்பது? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: பயணச்சீட்டில் நிலையத்தின் பெயரைக் கவனமாகப் பாருங்கள். வாராணசி சந்திப்பு, வாராணசி சிட்டி, பனாரஸ், காசி என்று நான்கு தனி நிலையங்கள் நகருக்குள்ளேயே உண்டு. பனாரஸ் என்பது பழைய மண்டுவாடி. சில ரயில்கள் நகருக்குள் வராமல் ஆற்றுக்கு அப்பால் உள்ள தீனதயாள் உபாத்யாயா சந்திப்போடு, அதாவது பழைய முகல்சராயோடு, போய்விடும்; அங்கிருந்து ஊருக்குள் வரக் காரில் ஒரு மணி நேரமாவது ஆகும்.

கோதௌலியாவுக்கு அப்பால் கோயில் பக்கம் வண்டிகளை விட மாட்டார்கள். ஆகவே தங்குமிடத்தைப் படம் பார்த்து முடிவு செய்யாமல், வாசல் வரை மின்சார ரிக்ஷா வருமா, மின்தூக்கி இருக்கிறதா, மேற்கத்தியக் கழிவறை உண்டா என்ற மூன்றையும் தொலைபேசியில் கேட்டுவிட்டு அறை எடுங்கள். ஆற்றை ஒட்டிய பழைய விடுதிகளில் காட்சி அருமையாக இருக்கும், அறைக்குப் போக ஐம்பது அறுபது படி ஏற வேண்டியிருக்கும். தாயாருக்கு அசி பகுதி ஏற்றது. அங்கே சாலை கரைக்கு அருகிலேயே வருகிறது, படகில் ஏறுவதும் எளிது. மாலை ஆரத்தியைப் படிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்ப்பதைவிடப் படகில் அமர்ந்தபடி பார்க்கச் செய்யுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே படகில் ஏறிவிட வேண்டும். கோயில் வளாகத்தில் சக்கர நாற்காலி கிடைக்கும். காலை வேளையில் கூட்டம் கூடுவதற்கு முன் போய்விடுங்கள். முழங்கால் உறையும், பிடித்துக்கொள்ள ஒரு கைத்தடியும் இங்கிருந்தே கொண்டு போங்கள்.